ஜின் கதைப் புத்தகங்களைத் தூக்கச் சொல்பவர்களுக்கு ஒரு டீச்சரின் பதில்

 

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பாதி வாசித்துவிட்டுப் பின்னூட்டத்தில் சண்டைக்கு மட்டும் வர வேண்டாம்.

விசயம் பலருக்குத் தெரியும். நம் பகுதிப் பாடசாலை ஒன்றுக்குப் பழைய மாணவர்கள் சிலர் காசு சேர்த்து ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் எட்டு ஆங்கில நாவல்கள். ஜின் வரும், ஆவி வரும், திறக்காத கதவு வரும். பெட்டி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவுகள் பறக்கத் தொடங்கின. "பிள்ளைகளின் அகீதா கெட்டுப்போகும்." "ஓஎல் பேப்பரில் இதிலிருந்து ஒரு கேள்வியாவது வருமா?" "வெள்ளைக்காரன் சரக்கு நமக்கு எதற்கு?" இப்போது பெட்டி அலுமாரிக்குள். சாவி அலுவலகத்தில். வருகிற ஞாயிறு அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் அதைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி திறக்கப்பட வேண்டும். இன்னும் நாலு பெட்டி வர வேண்டும். காரணம் சொல்கிறேன்.

இது என்ன வகைக் கதை?

ஆங்கிலத்தில் அர்பன் ஃபென்டசி என்கிறார்கள். நான் நகர மாயக் கதை என்று சொல்கிறேன். ராஜா, கோட்டை, பறக்கும் குதிரை என்று தூர தேசத்துக்குப் போகாத மாயக் கதை இது. பஸ் ஓடும், கரண்ட் பில் வரும், வாடகை அறைக்கு முற்பணம் கேட்பார்கள், கந்தோரில் வரிசையில் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட சாதாரண நகரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு உலகம் தன் சட்டதிட்டங்களோடு இயங்குகிறது. அதில் தடுக்கி விழுகிறவன் நம்மைப் போன்ற சாதாரண ஆள்.

"வலப்பனையில் இருந்துகொண்டு நகரத்துக் கதை எதற்கு டீச்சர்?" என்று ஒரு நாநா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் நாநா, நம் பிள்ளைகள் வலப்பனையிலா இருக்கப் போகிறார்கள்?

ஓஎல் முடிந்த கையோடு ராகலை, கந்தப்பளை தாண்டி நுவரெலியாவுக்கோ, கண்டிக்கோ, கொழும்புக்கோ பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பக்கமே எண்ணிப் பாருங்கள். பதினேழு வயதில் புறக்கோட்டைத் துணிக் கடையில் நிற்கிறான் ஒருவன். அவனோடு படித்தவள் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். தோட்டத்துப் பிள்ளை வெள்ளவத்தையில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். இன்னொரு பிள்ளையின் உம்மா ரியாத்திலோ குவைத்திலோ.

அந்தப் பிள்ளைக்கு நகரம்தான் ஜின். எங்கிருந்து அதிகாரம் வருகிறது என்று தெரியாது. யார் சொன்னால் சம்பளம் வெட்டப்படும் என்று தெரியாது. எந்தக் கதவைத் தட்டலாம், எந்தக் கதவு நமக்குத் திறக்காது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மொழி புரியாத படிவத்தில் கையொப்பம் வாங்குவார்கள். நல்ல முகம் காட்டுகிற புரோக்கர் எப்போது வேறு உரு எடுப்பான் என்று தெரியாது. தன் பேரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை அவன் பார்ப்பான். ஏன் மாறுகிறது என்று அவனுக்குப் பாடப் புத்தகம் சொல்லவில்லை.

நல்ல நகர மாயக் கதை இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறது. ஊருக்குள் தெரியாத சக்திகள் இருக்கின்றன, அவற்றுக்கும் விதி உண்டு, விதியைக் கண்டுபிடிக்கிறவன் பிழைக்கிறான், ஒப்பந்தம் செய்யுமுன் ஒவ்வொரு வார்த்தையையும் கவனி, இலவசமாகக் கிடைக்கிற எதையும் சந்தேகப்படு. பொழுதுபோக்கு என்று நீங்கள் நினைப்பதற்குள் இத்தனை இருக்கிறது. இப்போது எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

"அகீதா கெட்டுப்போகும்"

நான் ஆலிமா அல்ல. ஃபத்வா சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு டீச்சராக, ஓதப் பள்ளிக்குப் போய் வளர்ந்தவளாகச் சில விசயங்கள் கேட்கலாம்.

ஜின் உண்டு என்பது நம் ஈமானோடு சம்பந்தப்பட்டது. குர்ஆனின் 72ஆவது சூராவின் பெயரே அல்ஜின். 27ஆவது சூராவில் சுலைமான் நபி (அலை) அவர்களின் அவையில் ஓர் இஃப்ரீத் பேசுகிறது. வேதத்தைக் கதைப் புத்தகத்தோடு ஒப்பிட வரவில்லை, அஸ்தஃபிருல்லாஹ். ஜின் என்ற சொல்லைக் கேட்டதும் பதறி அலுமாரியைப் பூட்ட வேண்டிய சமுதாயம் நாம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

மார்க்கம் நம்மை எச்சரிப்பது எதைப் பற்றி? குறி கேட்பது, சூனியம், அல்லாஹ்வை விட்டு மற்றதற்குப் பயப்படுவது. இந்த மூன்றும் இப்போது நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகின்றன? அந்த எட்டு நாவல்களில் இருந்தா? ஒன்பதாம் தரப் பிள்ளையின் போனை வாங்கி டிக்டொக்கைத் திறந்து பாருங்கள். "ஜின் பிடிபட்ட காட்சி, இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்." "இந்த வீட்டில் இரவு பன்னிரண்டு மணிக்கு நடந்தது." கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கம், பிரச்சினைக்குத் தீர்வு காணலாம் என்று. அதைப் பார்த்துவிட்டு இரவில் தனியாக வுழூச் செய்யப் போகப் பயப்படுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நாவல் தன் அட்டையிலேயே நாவல் என்று எழுதிக்கொண்டு வருகிறது. தான் கதை என்பதை அது ஒளிக்கவில்லை. அந்த வீடியோ பொய்யை உண்மை என்று சத்தியம் பண்ணுகிறது. இதில் எது பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுக்கும்? புத்தகப் பெட்டியைப் பூட்டிய நாம் ஒரு போனையாவது பூட்டினோமா?

பெட்டியில் இருக்கிற ஒரு புத்தகத்தையே உதாரணமாக எடுங்கள். மலேசிய முஸ்லிம் எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் 2020இல் எழுதிய 'தி கேர்ள் அண்ட் த கோஸ்ட்'. சுராயா என்ற சிறுமிக்குச் சூனியக்காரியான பாட்டியிடமிருந்து ஒரு பேய் சொத்தாக வந்து சேர்கிறது. மலாய்க்காரர்கள் அதைப் பெலெசிட் என்பார்கள். அவள் அதற்கு பிங்க் என்று பேர் வைக்கிறாள். புதுப் பாடசாலையில் அவளுக்கு ஒரு சீனத் தோழி கிடைத்ததும் பேய்க்குப் பொறாமை வருகிறது. பேயோட்டுகிறேன் என்று வீட்டுக்கு வருகிற ஆள்தான் இந்தக் கதையில் ஆபத்தானவன். மரியாதையான தோற்றத்தோடு வருகிறவனையெல்லாம் நம்பாதே என்று பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லிக் கொடுப்பார்கள்? வகுப்பில் ஒதுக்கப்படுவது, அன்பு எப்போது அடிமைத்தனமாக மாறுகிறது என்பதெல்லாம் கூடவே வருகிறது. இதைத் திருப்பி அனுப்பத்தான் கூட்டம் போடுகிறோமா?

"பரீட்சைக்கு உதவாது"

தமிழ்ப் பாடத்தில் நாம் காலங்காலமாகக் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு ஒன்று உண்டு. "நான் ஒரு பழைய குடை பேசுகிறேன்." குடை பேசுகிறது, பழைய பத்து ரூபாய்த் தாள் பேசுகிறது, வெட்டப்பட்ட மரம் அழுகிறது. இது மாயக் கதை இல்லையா? குடை பேசலாம், ஜின் பேசக் கூடாதா?

அந்தக் கட்டுரைகளைத் திருத்துகிறவர்களுக்குத்தான் வேதனை தெரியும். நாற்பது குடையும் ஒரே கடையில் பிறக்கும், ஒரே பணக்காரரின் கையில் சேரும், ஒரே மழையில் கிழியும், ஒரே குப்பைத் தொட்டியில் முடியும். வார்த்தைக்கு வார்த்தை டியூஷன் டியூட். கற்பனைக்கு என்று ஒதுக்கிய கேள்விக்கும் மனப்பாடம் பண்ணிய பதில். பிள்ளைகள் மொக்கு இல்லை. அவர்கள் இரண்டாவது குடையைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஒரு பொருள் தன் பார்வையில் உலகத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை ஒரு நல்ல கதையில் ஒருமுறை அனுபவித்த பிள்ளை, மனப்பாடக் குடையை எழுத வெட்கப்படும்.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. பதாகை கட்டுகிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம், "வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்" என்று பிள்ளைகளைக் கத்த வைக்கிறோம். நொவெம்பரில் நூலக அலுமாரிக்குப் பூட்டு. வாசிப்பைப் பற்றிப் பேசுவது பிடிக்கும், பிள்ளை உட்கார்ந்து வாசித்தால் "படிக்காமல் என்ன கதைப் புத்தகம்?" என்று கேட்போம்.

"வெள்ளைக்காரன் சரக்கு"

இந்த வாதத்தைக் கேட்டால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிறது. நம்முடையதையே நாம் அந்நியம் என்று துரத்துகிறோம்.

நகரத்தில் ஜின்னைச் சந்திக்கிற கதையை உலகத்துக்குக் கொடுத்தது யார்? ஆயிரத்தொரு இரவுகளை நினைத்துப் பாருங்கள். பக்தாத், பஸ்ரா, கெய்ரோ. அதில் ராஜாக்களை விட்டுப் பாருங்கள், கதையைத் தூக்கிச் செல்கிறவர்கள் சந்தையில் கூலிக்குச் சுமை தூக்குகிறவன், மீன் பிடிக்கிறவன், தையல்காரன், நாவிதன். வேலைக்குப் போன இடத்தில் மாயம் வந்து இடிக்கிறது. அலாவுதீன் கதையைப் பிரெஞ்சுக்காரர் கலான் தன் நூலில் சேர்த்தார். அவருக்கு 1709இல் பாரிஸில் அதைச் சொன்னவர் அலெப்போவில் இருந்து போன ஹன்னா தியாப் என்ற சிரியா நாட்டுக்காரர். நம் பக்கத்து ஆட்கள் வாய்மொழியாகக் கொடுத்ததை அவர்கள் அச்சடித்தார்கள். இப்போது அது வெள்ளைக்காரன் சரக்காம்.

தமிழ் முஸ்லிம்களுக்குக் கிஸ்ஸா என்று ஒரு தனி இலக்கிய வகையே இருந்தது. கூடியிருந்து படிக்கக் கேட்பார்கள். இன்னும் பக்கத்தில் வாருங்கள். கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்தி லெப்பையை நமக்கு எப்படித் தெரியும்? முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று போராடியவர், 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தொடங்கியவர் என்று. அவர் 1885இல் 'அசன்பேயுடைய கதை' என்று ஒரு நாவலும் எழுதினார். தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879இல். ஆறே வருசத்தில் மலைநாட்டு முஸ்லிம் ஒருவர் இலங்கையின் முதல் தமிழ் நாவலைக் கொடுத்துவிட்டார். அதில் ஜின் இல்லை, ஆனால் கெய்ரோவில் பிறந்து திருடப்பட்ட பிள்ளை, பம்பாய், கல்கத்தா என்று நகரம் நகரமாகப் போகும் சாகசம். நமக்குப் பாடசாலை கேட்டுப் போராடிய மனிதர், கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று நினைத்திருந்தால் உட்கார்ந்து நாவல் எழுதியிருப்பாரா? அவர் பேரில் விழா எடுப்போம், புத்தகப் பெட்டியைப் பூட்டுவோம். நல்ல கூத்து!

பெட்டியில் மற்றவை என்ன?

தலைப்பைப் பார்த்துப் பயந்தவர்களுக்காக ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்கிறேன்.

'தி கோன்ட்லெட்', கருணா ரியாஸி, 2017. நியூயோர்க்கில் இருக்கும் வங்காளதேச முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை ஃபாரா. பன்னிரண்டாவது பிறந்தநாளில் ஒரு விளையாட்டுப் பலகை கிடைக்கிறது. சின்னத் தம்பி அதற்குள் மறைந்துவிடுகிறான். அவனைத் தேடி உள்ளே போனால் பஹேலி என்று ஒரு முழு நகரம். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே பாடம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஃபாராவை உடனே பிடிக்கும். ஆறாம், ஏழாம் தரத்துக்கு வாசித்துச் சொல்லலாம்.

'தி ஹோன்டிங் ஒஃப் ட்ராம் கார் 015', பி. ஜெலி கிளார்க், 2019. சின்னப் புத்தகம். 1912ஆம் ஆண்டுக் கெய்ரோ. ஜின்களும் மனிதர்களும் கலந்து வாழ்கிற, பிரிட்டிஷ்காரனைத் துரத்திவிட்ட கற்பனை எகிப்து. ஒரு டிராம் பெட்டிக்குள் ஆவி புகுந்துவிடுகிறது. விசாரிக்கப் போகும் இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்களுக்குத் திணைக்களத்தில் பட்ஜெட் இல்லை! பின்னணியில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராட்டம். நம் கண்டி பஸ்ஸில் ஒரு ஜின் ஏறிவிட்டால் டிப்போவில் எந்தப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வாசித்தேன். உயர்தர மாணவர்களுக்கு நல்லது. இவர் இதே உலகத்தில் எழுதிய பெரிய நாவல் நெபியுலா விருது பெற்றது.

'தி சிட்டி ஒஃப் ப்ராஸ்', எஸ். ஏ. சக்ரபோர்த்தி, 2017. இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண் எழுதியது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கெய்ரோவில் ஏமாற்றிப் பிழைக்கும் அநாதைப் பெண் நஹ்ரி, ஜின்களின் நகரமான தேவாபாத் போய்ச் சேர்கிறாள். அங்கே மனித இரத்தம் கலந்தவர்களுக்கு உரிமை இல்லை. தொழுகையை விடாத இளவரசன் அலி அவர்களுக்காக அரண்மனைக்குத் தெரியாமல் காசு கொடுக்கிறான். தொழுகிற வாலிபனை முட்டாளாகவோ பயங்கரவாதியாகவோ காட்டாத கதை எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? தடித்த புத்தகம், முதல் பாதி மெதுவாகப் போகும். பொறுமை வேண்டும். இதுவும் உயர்தரத்துக்கு மேல்.

'அலிஃப் தி அன்சீன்', ஜி. வில்லோ வில்சன், 2012. இவரும் இஸ்லாத்தைத் தழுவியவர், கெய்ரோவில் வாழ்ந்தவர். அடுத்த வருசம் உலக ஃபென்டசி விருது கிடைத்தது. பேர் சொல்லாத ஒரு வளைகுடா நகரம். அரபு வாப்பாவுக்கும் இந்திய உம்மாவுக்கும் பிறந்து, அரை மனிதனாக நடத்தப்படும் கம்பியூட்டர் பொடியன் அரசாங்க உளவாளியிடமிருந்து தப்பி ஜின்களின் தெருவுக்குள் ஓடுகிறான். முகத்திரை அணிந்த அயல்வீட்டுப் பிள்ளை தீனாதான் கதையில் எல்லாரையும்விடத் தெளிவானவள், தைரியசாலி. வளைகுடாவில் இருந்து மாதாமாதம் காசு வருகிற வீடுகள் இங்கே எத்தனை! அந்த நகரத்தின் மறுபக்கத்தை நாம் வாசிக்க வேண்டாமா? வளர்ந்தவர்களுக்கு.

'ப்ளக் வோட்டர் சிஸ்டர்', ஸென் சோ, 2021. மலேசியாவின் பினாங்கு. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த பெண்ணின் தலைக்குள் செத்துப்போன பாட்டியின் குரல். ஒரு பெரும் புள்ளி சின்னக் கோயில் ஒன்றை இடித்துக் கட்டடம் கட்டப் பார்க்கிறான், பாட்டி விடமாட்டேன் என்கிறாள். இடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி லயத்துக்கும் தெரியும், கடை வீதிக்கும் தெரியும். இதுவும் வளர்ந்தவர்களுக்கு.

கடைசி இரண்டும் நம் நாட்டு எழுத்தாளர்களுடையவை. ஷெஹான் கருணாதிலக்கவின் 'தி செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா' 2022இல் புக்கர் பரிசு வென்றது. யுத்தப் படப்பிடிப்பாளர் ஒருவன் செத்து எழும்புகிறான். மறுமைக்குப் போகிற வழியில் ஒரு கந்தோர், வரிசை, கவுண்டர். தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க ஏழு இரவுகள். அவன் உடல் கொழும்பின் பேரே வாவியில். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை நம் ஜனாஸாக்களை எரித்த நாட்டில், அடக்கம் செய்யப்படாத மையித்துகளின் கதை நமக்கு அந்நியமா? வன்முறையும் வயதுவந்தோர் விசயங்களும் நிறைய. பிள்ளைகளுக்கு இல்லை. ஆனால் ஆசிரியர்களும் பெற்றோரும் வாசிக்க வேண்டியது.

வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயிண்ட் ஒஃப் ப்ரைட் டோர்ஸ்' 2023இல் வந்தது, நெபியுலா விருது பெற்றது. லூரியட் என்ற நகரம். அங்கே திறக்க முடியாத பளிச்சென்ற கதவுகள். தெய்வீகத் தகப்பனைக் கொல்வதற்காகவே உம்மாவால் வளர்க்கப்பட்ட ஃபெட்டர், அந்த வேலையை விட்டுவிட்டு நகரத்தில் சும்மா வாழப் பார்க்கிறான். விடுவார்களா? எந்த இனம், எந்தக் குலம் என்று படிவத்தில் எழுதி மனிதரைப் பிரிக்கும் அரசு, திடீரென்று கிளம்பும் கலவரக் கும்பல். திகனயை மறக்காதவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. கஷ்டமான புத்தகம். ஐம்பது பக்கம் வரை ஒன்றும் புரியாது. பிறகு விடாது.

எதிர்ப்பில் ஒரு நியாயம்

"எல்லாப் புத்தகத்தையும் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கலாமா?" என்று கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். கொடுக்கக் கூடாது. மேலே நான் பிரித்த மாதிரி இரண்டு சிறுவர்களுக்கு, இரண்டு உயர்தரத்துக்கு, நான்கு பெரியவர்களுக்கு. ஆனால் மருந்துக் கடையில் பெரியவர்களின் மாத்திரை இருக்கிறது என்பதற்காகக் கடையையே மூடுவோமா?

ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு ஓடாது என்பதும் உண்மை. அதனால் என்ன? உம்மும்மா சொன்ன கதையை நாம் வாசித்தா தெரிந்துகொண்டோம்? ஒரு டீச்சர் வாசித்துத் தமிழில் சொல்லலாம். நான் சொல்லத் தயார்.

மாயம் வருகிற எல்லாமே நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. வெள்ளைச் சேலைப் பேய், பழிவாங்கல், கடைசி அத்தியாயத்தில் மந்திரவாதி. இது நூறாவது குடைக் கட்டுரை. காதலிக்கும் இரத்தக் காட்டேரியும் அப்படித்தான். நான் பார்ப்பது சில விசயங்கள். அந்த ஊரில் பஸ்ஸில் இறங்கி நடக்கலாம் போல ஊர் உண்மையாக இருக்கிறதா? மாயத்துக்கு விதியும் விலையும் உண்டா, அல்லது நினைத்தவுடன் எல்லாம் நடக்கிறதா? புத்தகத்தை மூடிய பிறகு நம் ஊர் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறதா? இதற்கெல்லாம் இல்லை என்று பதில் வந்தால் அந்தப் புத்தகத்தை நானே திருப்பி அனுப்புவேன்.

நாம் ஏன் எழுதவில்லை?

தோட்டத்துச் சகோதரர்களைக் கேட்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குக் காவலாக ரோதைமுனியைக் கும்பிடுகிறார்களே, உலகத்தில் வேறு எங்காவது இப்படி உண்டா? வெள்ளைக்காரன் கொண்டு வந்த சக்கரத்துக்குள், கடல் கடந்து வந்த ஜனங்கள் குடியேற்றிய முனி. அது என் நம்பிக்கை அல்ல, ஆனால் அந்தக் கற்பனையின் முன்னால் நான் தலை குனிகிறேன். தொழிற்சாலையை மூடிவிட்டு ஹோட்டல் கட்டினால் முனி எங்கே போகும்? இது ஒரு நாவல்.

2007 ஜனவரியில் வலப்பனையில் மலை இறங்கியதை நாம் மறக்கவில்லை. மலை இறங்கப் போவதை முன்கூட்டியே அறிந்த ஒரு ஜின், அதைச் சொல்லக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறது, அடையாள அட்டை இல்லை என்று முறைப்பாட்டை எடுக்க மறுக்கிறார்கள். இது இன்னொரு நாவல். இதை எழுதப் போகிற பிள்ளை இப்போது ஏழாம் தரத்தில் இருக்கிறது. அதன் கைக்கு எட்டாத அலுமாரியில்தான் நாம் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு

கூட்டத்தில் நான் கேட்கப் போவது இவ்வளவுதான். பெட்டி திறக்கப்பட வேண்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் எந்த வயதுக்கு என்று ஒட்ட வேண்டும். பெரியவர்களுக்கான நான்கையும் ஆசிரியர், பெற்றோருக்கு இரவல் கொடுக்கத் தனிப் பதிவேடு வேண்டும். வாரம் ஒரு நாள் பாடசாலை விட்ட பிறகு அரை மணித்தியாலம் நான் சிறுவர் கதைகளைத் தமிழில் சொல்கிறேன். சந்தேகம் உள்ள மௌலவிமாரும் பெற்றோரும் வந்து பின்வாங்கில் உட்கார்ந்து கேட்கலாம். கேட்ட பிறகு எதிர்த்தால் அந்த எதிர்ப்பை நான் மதிப்பேன். அட்டையை மட்டும் பார்த்து எதிர்ப்பதை மதிக்க மாட்டேன்.

குழுவில் இருக்கும் வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையை நீங்கள் எப்படியும் ஒரு நாள் அதிகாலை பஸ்ஸில் ஏற்றிவிடத்தான் போகிறீர்கள். பையில் சாப்பாட்டுப் பார்சல், தொழுகை விரிப்பு, கொஞ்சம் காசு வைப்பீர்கள். கூடவே தெரியாத ஊரில் கண்ணைத் திறந்து நடக்கிற பழக்கத்தையும் வைத்து அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உடன்படுகிறவர்கள் லைக் போட்டுவிட்டுப் போக வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டத்துக்கு வாருங்கள். உடன்படாதவர்கள் கட்டாயம் வாருங்கள்.

வஸ்ஸலாம்.